கம்பளிக்கு அந்தப் பக்கம் ஆபீஸ்: தோட்டத்து வீட்டிலிருந்து வருடக்கணக்கில் வேலை செய்ய

நான் இலங்கை மலைநாட்டில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போடுவதற்கு இரண்டு நாள் முன்னால், கொழும்பில் வாடகைக்கு இருந்த போடிங் அறையைப் பூட்டிவிட்டு இரண்டு பை உடுப்போடும் ஆபீஸ் லேப்டாப்போடும் ரயில் ஏறினேன். இரண்டு கிழமை கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் திரும்பிப் போகவே இல்லை. அடுத்த வருடம் இங்கிலாந்தில் உள்ள ஒரு சிறிய கணக்காளர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவர்களுடைய வாடிக்கையாளர்களின் கணக்குகளை தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டின் பின் அறையில் இருந்துதான் எழுதி வருகிறேன்.

உயர்தரம் முடித்து, கணக்கியலோ கம்ப்யூட்டரோ படித்த தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து, "அக்கா, நாங்களும் வீட்டிலிருந்தே செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஒரு மாதம் செய்வது வேறு, ஐந்து வருடம் செய்வது வேறு. ஒரு மாதத்துக்கு நல்ல இன்டர்நெட் போதும். ஐந்து வருடத்துக்கு என்ன வேண்டும் என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அம்மாவின் வேலையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அம்மா 37 வருடம் கொழுந்து பறித்தவர். அந்த வேலை எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரியும், அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு தொடக்கம் இருந்தது: காலைப் பிரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் நேரம். ஒரு முடிவும் இருந்தது: அந்திக் கொழுந்தை எடை பார்த்து, வருகையும் சம்பளமும் எழுதும் செக்ரோலில் பேர் விழுந்துவிட்டால் நாள் முடிந்தது. வீட்டிலிருந்து செய்யும் வேலையில் பிரட்டும் கிடையாது, நிறுவையும் கிடையாது. இரண்டையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு வருடம் நான் அதை வைத்துக்கொள்ளவில்லை. இரவு 11 மணிக்குச் சாப்பாட்டுக் கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன். காலையில் கண் விழிக்கும்போதே கை போனைத் தேடியது. உடம்பு அதற்கு விலை கொடுத்தது.

கதவில் இருந்து தொடங்குங்கள்

எங்கள் வீட்டுப் பின் அறை எட்டடிக்கு ஏழடி. அப்பா பின்னாலே இழுத்துக் கட்டியது. அதற்குக் கதவு இல்லை. லயத்துச் சுவர் கூரை வரை ஏறாததால் பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தாலும் இங்கே கேட்கும். பலகை அடிக்கலாம் என்று ஆசாரியைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்த்தேன், அப்போது காசு போதவில்லை. அம்மா பெட்டியைத் திறந்து தன் பழைய கம்பளியை எடுத்துத் தந்தார். மழைக்கும் குளிருக்கும் மலையில் போர்த்திய கம்பளி. ஓரத்தில் அடுப்புப் பொறி பட்டு நான்கைந்து ஓட்டை இருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் விறகுப் புகை வாசம் போகவில்லை. அதை வாசலில் கம்பி கட்டித் தொங்கவிட்டோம். தடித்த கம்பளித் துணி சத்தத்தை நன்றாக உறிஞ்சும். அறைக்குள் எதிரொலி அடங்கியது. மறுநாள் கூட்டத்தில் மேலாளர், "இன்றைக்கு வேறு இடத்தில் இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

கம்பளி அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தது. அது இறங்கியிருந்தால் நான் வேலையில் இருக்கிறேன். தூக்கிச் சொருகியிருந்தால் வீட்டில் இருக்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். உங்கள் வீட்டில் கம்பளி இல்லாவிட்டால் ஒரு சேலை போதும். அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எல்லா நாளும் அதே அடையாளமாக இருக்க வேண்டும்.

ஏனென்றால் நம் ஊரில் வேலை என்றால் வெளியே போவது. நான் வெளியே போகவில்லை, ஆகவே சும்மா இருக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரியம்மா வாசலில் நின்று, "வீட்டுலதானே புள்ள இருக்க, சின்னவனை பள்ளிக்கூடத்துல போயிக் கூட்டிட்டு வந்துரு" என்பார். கேஸ் எடுக்க, பார்மசிக்குப் போக, கடிதம் எழுத, எல்லாவற்றுக்கும் நான். 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக்கு மேன்முறையீடு செய்யும் காலம் வந்தபோது ஒரே கிழமையில் எங்கள் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் சேர்த்து எத்தனை படிவம் நிரப்பினேன் என்று கணக்கே இல்லை. மறுக்கவும் மனம் வராது. நம் ஆட்களுக்குப் படிவம் ஒன்று தப்பானால் அது எத்தனை நாள் அலைச்சல், எத்தனை நாள் சம்பளம் போகும் என்று எனக்குத் தெரியாதா?

அதனால் மறுக்காமல் நேரம் வைத்தேன். காலை 9.30 முதல் 11 வரை யார் வேண்டுமானாலும் படிவம் கொண்டு வரலாம். மதியம் 12.30க்குக் கம்பளி இறங்கும். அதற்குப் பிறகு நெருப்புப் பிடித்தாலொழிய யாரும் கூப்பிடக் கூடாது. பெரியம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு அவரே மற்றவர்களிடம், "புள்ளைக்குப் பிரட்டு அடிச்சாச்சு, நாளைக்கு வாங்க" என்று சொல்லத் தொடங்கினார். வீட்டுப் பெரியவர் ஒருவரை உங்கள் பக்கம் எடுத்துவிடுங்கள். நீங்கள் பத்துத் தடவை சொல்வதை அவர் ஒரு தடவை சொன்னால் போதும்.

கரண்டும் சிக்னலும்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அப்போது கற்றது இன்றைக்கும் உதவுகிறது. லேப்டாப்புக்குச் சொந்த பெட்டரி இருக்கிறது. முதலில் சாவது ரவுட்டர்தான். அதன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 அம்பியர் என்று போட்டிருக்கும். அதே வோல்ட் கொடுக்கும் டிசி யு.பி.எஸ். என்ற பெட்டரி ஒரு கையடக்கப் பெட்டியாகக் கிடைக்கிறது. என்னுடையது மூன்றரை மணித்தியாலம் தாங்கும். கம்ப்யூட்டருக்கான பெரிய யு.பி.எஸ்.ஸில் ரவுட்டரை மாட்டாதீர்கள். பெட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கி, திரும்பவும் 12 ஆக்குவதிலேயே நிறைய வீணாகிவிடும். வாங்கும்போது வோல்ட் எண்ணை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள். வோல்ட் கூடினால் ரவுட்டர் கருகிவிடலாம்.

தகரக் கூரை சிக்னலை மறிக்கும். வீட்டுக்குள் எங்கே வேகம் வருகிறது என்று யாரும் சொல்லித் தர முடியாது, நடந்து பார்க்கத்தான் வேண்டும். நான் போனில் வேகம் பார்க்கும் செயலியைப் போட்டு, ஐந்து இடத்தில், காலை, மதியம், இரவு 8 மணி என்று ஒரு கிழமை எழுதி வைத்தேன். மேசை மேலே இருந்ததைவிட, கூரை ஓரத்துக்குக் கீழே ஜன்னல் பக்கம் மூன்று மடங்கு வேகம் இருந்தது. இறங்கும் (டவுன்லோட்) வேகத்தைவிட ஏறும் (அப்லோட்) வேகத்தைப் பாருங்கள், நம் குரல் அதில்தான் போகிறது. இரண்டு வேறு கம்பனி சிம் வைத்திருங்கள். ஒரே கம்பனியில் இரண்டு சிம் எடுத்துப் பயனில்லை, டவர் விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும். கரண்ட் பல மணித்தியாலம் இல்லாவிட்டால் டவரின் பெட்டரியும் இறங்கிவிடும். அப்படிப்பட்ட நாளுக்கு ஹட்டன் டவுனில் மாமாவின் கடை மாடியில் எனக்கு ஒரு கதிரை இருக்கிறது. அந்தக் கதிரையை இப்போதே பேசி வையுங்கள். தேவைப்படும் நாளில் போய்க் கேட்டால் ஜெனரேட்டர் உள்ள இடமெல்லாம் நிரம்பியிருக்கும்.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம். வானம் இருட்டிக்கொண்டு வரும்போதே, இடி தொடங்குவதற்கு முன், சார்ஜரையும் ரவுட்டரையும் சுவரில் இருந்து கழற்றி, பெட்டரியில் ஓட்டுங்கள். செம்புக் கம்பியில் வரும் டெலிபோன் லைன் என்றால் அதையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் வரும். நான் ஒரு ரவுட்டரை அப்படித்தான் இழந்தேன், பிளக்கைக் கழற்றிவிட்டு டெலிபோன் வயரை மறந்துவிட்டேன்.

ஜூன் ஜூலை தென்மேற்கு மழை தகரத்தில் கொட்டும்போது எதிரே இருப்பவர் பேசுவதே கேட்காது. மைக் வாய்ப் பக்கம் நீண்டு வரும் ஹெட்செட் வாங்குங்கள். வீடியோவை அணைத்துவிடுங்கள், குரல் தெளியும். பிறகு கூச்சப்படாமல் எழுதிச் சொல்லுங்கள்: "இங்கே கன மழை, பேசினால் கேட்காது, எழுத்தில் பதில் தருகிறேன்." நான் ஒரு வருடம் முழுவதும் இதை மறைத்தேன். தகரக் கூரை வீட்டில் இருப்பது தெரிந்துவிடுமே என்று. தெரிந்தபிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் முக்கியமான பேச்சுகளை அவர்களுடைய காலை நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று அவர்களே கேட்டார்கள்.

மணிக்கூடு

இங்கிலாந்தோடு வேலை செய்தால் கோடையில் நாம் நாலரை மணித்தியாலம் முந்தி, குளிர்காலத்தில் ஐந்தரை. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்புகிறார்கள், நாம் திருப்புவதில்லை. இரண்டு நாளையும் சுவர்க் கலண்டரில் சிவப்பில் வட்டம் போடுங்கள். என் வேலை 12.30க்குத் தொடங்கி இரவு 9க்கு முடியும். இதை முதல் மாதத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் சலுகை கேட்பது போலாகிவிடும். அவர்களுடைய தனிநபர் வரிக் கணக்குக்குக் கடைசி நாள் ஜனவரி 31. அதனால் தைப்பொங்கல் எனக்கு வருடத்தில் மிக நெருக்கடியான கிழமையில் வருகிறது. இரண்டு பொங்கல் மடிக்கணினி முன்னால் போயிற்று. இப்போது நவம்பரிலேயே அந்த ஒரு நாளைக் கேட்டு வைத்துவிடுகிறேன். பதிலுக்கு நத்தார் விடுமுறையில் இரண்டு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் செக்ரோலை நீங்களே எழுதுங்கள்

இது வேறு எதையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். மலையில் வேலை செய்தவருக்கு நிறுவை சாட்சி. ஆபீஸில் வேலை செய்பவரை நாலு பேர் பார்க்கிறார்கள். பின் அறையில் வேலை செய்பவருக்குச் சாட்சி இல்லை. என்னோடு அதே மாதம் சேர்ந்த ஒருவர், அங்கேயே ஆபீஸில் இருப்பவர், இரண்டாவது வருடத்தில் மேல் பதவிக்குப் போனார். அவர் நல்ல வேலைக்காரர், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த வருடம் எட்டு வாடிக்கையாளர்களின் குழம்பிப்போன பழைய கணக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சரிசெய்தது நான். அது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லவில்லை. கேட்டபோது மேலாளர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். கஷ்டப்பட்டுப் பறித்த கொழுந்தை நிறுக்கக் கொண்டுபோகாமல் மலையிலேயே கொட்டிவிட்டு வந்ததைப் போலிருந்தது எனக்கு.

அன்றைக்குத் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு நாள் முடிவிலும் மூன்று வரி: என்ன முடிந்தது, என்ன நிற்கிறது, யாருக்காக நிற்கிறது. வெள்ளிக்கிழமை அந்தக் கிழமையின் வரிகளைப் பார்த்து மேலாளருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல். தற்பெருமை வேண்டாம், எண்ணிக்கையும் பெயரும் போதும். அடுத்த சம்பளப் பேச்சுக்கு அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன், கூட்டித் தந்தார்கள்.

கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த மூன்றாவது வரியை எழுதியதும் நாள் முடிகிறது. லேப்டாப்பை மூடி, கம்பளியைத் தூக்கிச் சொருகுவேன். அம்மா அடுப்படியில் இருந்து, "பேரு விழுந்துருச்சா?" என்று கேட்பார். விழுந்துவிட்டது என்று சொன்னபிறகு போனில் ஆபீஸ் செயலிகளைத் திறப்பதில்லை. கேட்க ஆள் இல்லாத வீட்டில் இருப்பவர்கள் ஒரு நண்பருக்காவது "முடித்துவிட்டேன்" என்று செய்தி அனுப்புங்கள். வாய்விட்டுச் சொன்னால்தான் மனம் ஏற்கும்.

காசு

வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்தால், ஓய்வுக் காலத்துக்குச் சேரும் ஊழியர் சேமலாப நிதி இல்லை. இங்கே ஒரு முதலாளி நூற்றுக்கு 12 போடுவார், நம்மிடம் 8 வெட்டுவார், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3. நமக்கு அந்த முதலாளியும் நாம்தான். நான் சம்பளம் வந்த அன்றே நூற்றுக்கு 20ஐ வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். அதற்கு ஏடிஎம் அட்டையே எடுக்கவில்லை. அம்மாவின் சேமலாபப் பணம்தான் என் டிப்ளோமாவுக்குக் கட்டணம் கட்டியது. அவ்வளவு குறைந்த நாட்சம்பளத்தில் இருந்தே அது சேர்ந்தது என்றால் நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

வரியையும் ஒளிக்காதீர்கள். நம் வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரி இல்லை. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக வரும் வருமானத்துக்கு, அதற்கு மேலே உள்ள தொகையில் அதிகபட்சம் நூற்றுக்கு 15. ஒவ்வொரு மாதமும் நீங்கள் அனுப்பிய விலைச்சிட்டை (இன்வொய்ஸ்), வங்கிச் சீட்டு இரண்டையும் ஒரு ஃபைலில் போடுங்கள். வீடு திருத்தக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, "சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் வேலை என்று எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். வரிக் கணக்கும் ஒப்பந்தக் கடிதமும் இரண்டு வருட ஃபைலும் கொண்டுபோனபோது இன்னொரு வங்கியில் கதவு திறந்தது.

விலாசமும் ஒரு பிரச்சினை. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி விலாசம் இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து அங்கேயே கிடக்கும். வங்கி அட்டை, நிறுவனம் அனுப்பும் பார்சல் எல்லாவற்றுக்கும் டவுனில் நம்பிக்கையான ஒரு கடை விலாசத்தைக் கொடுங்கள்.

உடம்பும் தனிமையும்

நல்ல கதிரை வாங்குங்கள். மேசையை ஜன்னலைப் பார்க்கப் போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் 20 வினாடி பாருங்கள், நமக்கு அதற்கு மலையே இருக்கிறது. காலையில் ஸ்டேஷன் வரை நடந்து போய்ப் பாண் வாங்கி வருகிறேன், அதுதான் என் பிரட்டு.

தனிமை மெதுவாக வரும். மூன்றாவது வருடத்தில் எனக்குத் தமிழில் சிரித்துப் பேச என் வயதில் ஒருவர்கூட இல்லை என்று உணர்ந்த ஒரு பின்னேரம் இருந்தது. கூட்டாளிகள் எல்லோரும் கொழும்பில், சவுதியில், கல்யாணமாகி வேறு தோட்டத்தில். இப்போது இதே மாதிரி வேலை செய்யும் நான்கு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை ஹட்டனில் சந்திக்கிறோம். ஒருவர் டிக்கோயா, ஒருவர் தலவாக்கலை, ஒருவர் மஸ்கெலியா. வேலையைப் பற்றித்தான் பேசுவோம், அதுவே போதுமாக இருக்கிறது.

இத்தனை தொல்லைக்கு நடுவே ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்டால், அப்பாவின் கடைசி ஒன்பது மாதத்தைச் சொல்வேன். கிளினிக் நாளில் விடியற்காலை 5 மணி பஸ்ஸில் கூட்டிப்போய், நம்பர் எடுத்து, டாக்டரிடம் நானே பேசி, 11.30க்குள் வீட்டுக்கு வந்து கம்பளியை இறக்குவேன். கொழும்பில் இருந்திருந்தால் மாதம் ஒரு தடவை வந்து, பழம் வைத்துவிட்டுப் போயிருப்பேன். எங்கள் லயத்தில் பல பிள்ளைகள் தகப்பன் செத்த செய்தியைப் போனில் கேட்டு ஓடி வந்தவர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். போடிங் வாடகைக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் போன காசு இப்போது தங்கச்சியின் படிப்புக்குப் போகிறது.

மழை நிற்காத நாளில்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்களுக்கு நான்கு நாள் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அந்த நான்கு நாளும் ஆபீஸ் என்னைத் தேடவில்லை, ஏனென்றால் முன்பே ஓர் ஏற்பாடு இருந்தது. கன மழைக் காலத்தில் 24 மணித்தியாலம் என்னிடமிருந்து செய்தி வராவிட்டால், கட்டாரில் இருக்கும் தம்பி என் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவான். முகவரியும் எழுத வேண்டியதும் அவனிடம் இருக்கிறது. உங்கள் ஆளும் மலைநாட்டுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும். அடுத்த லயத்தில் இருப்பவருக்கும் அதே டவர்தான்.

வாசலில் திறந்த இடத்தில், வாய் முதல் அடி வரை ஒரே அகலமான டின் ஒன்றை வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 15 சென்டிமீட்டர் நிரம்பினால் 150 மில்லிமீட்டர் மழை, மலைச்சரிவில் அது அபாயமான அளவு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வரும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். எச்சரிக்கை வந்து சேராவிட்டாலும், ஊற்றிலிருந்து பீலியில் (குழாயில்) வரும் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றாலோ, நிலத்திலும் சுவரிலும் புது வெடிப்புக் கண்டாலோ, இதுவரை இலகுவாகச் சாத்த முடிந்த கதவு திடீரென்று இறுகினாலோ காத்திருக்காதீர்கள். 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

எங்கள் வாசலில் ஒரு பை தொங்குகிறது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் மருந்து, டோர்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், தண்ணீர்ப் போத்தல், அந்தச் சி.ஆர். கொப்பி. லேப்டாப்புக்கு அதில் இடம் வைக்கவில்லை. வேலை எல்லாவற்றையும் கிளவுட்டில் சேமித்துவிடுகிறேன், அதை எடுக்க யாரும் பின் அறைக்குத் திரும்பி ஓடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.